உன் அம்மாவைக் கொன்ற டிராகனும் அதற்கு நான் செய்த பரிகாரமும்

அன்புள்ள மருமகன் குகனேஸ்வரனுக்கு,

உன் தாய்மாமன் செல்லையா ஆசையோடு எழுதிக்கொள்வது. மலையில் மழை நலம், தேயிலைக் கொழுந்து நலம், கொழுந்து ஏற்றுகிற என் லோரி நலம், அதை ஓட்டுகிற நானும் நலம். உன் அம்மாவை நான் கொன்றுவிட்டதைத் தவிர இங்கே வேறு விசேஷம் இல்லை.

பதறாதே மாப்பிள்ளை, விளையாட்டில்தான். இதை வாட்சாப்பிலேயே பேசி அனுப்பியிருப்பேன். ஆனால் நான் எதைச் சொன்னாலும் நீ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். கொன்றுவிட்டேன் என்றாலும் கட்டைவிரல்தான் வரும். கடிதத்துக்குக் கட்டைவிரல் அனுப்ப முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், மூன்றாம் வகுப்பு வாத்தியார் அதற்கு மேல் என்னைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் தீபாவளிக்கு வந்தபோது ஒரு பகடை விளையாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாயே, ஆளுக்கொரு வீரனாக வேஷம் கட்டி மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் வெட்டுறேன், ஓடுறேன் என்று பகடை உருட்டுவது, அதை நாங்கள் விடவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் நல்லுசாமி அண்ணன் வீட்டில் கூடிவிடுவோம். கங்காணியாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், விளையாட்டில் மந்திரவாதி. கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை வைத்திருக்கும் உமாதேவி திருடி. உன் அம்மா வாள் வீராங்கனை. கதை சொல்வது நான். கூச்சப்படாமல் பொய் சொல்ல இந்தத் தோட்டத்திலேயே இவன்தான் சரி என்று உன் அம்மாதான் என்னைத் தேர்ந்தெடுத்தாள். நீ கோலாலம்பூர் போனதிலிருந்து டிவிகூட மட்டும் பேசிக்கொண்டிருந்த பொம்பளை, சனிக்கிழமை வந்தால் தலைக்குக் குளித்து, பூ வைத்து, நெத்திலி சம்பல் செய்து எடுத்துக்கொண்டு வருவாள். அவளுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நாள்.

அந்த நாளைத்தான் நான் கெடுத்தேன். டிராகன் விடலாம் என்று ஆசைப்பட்டு, நீ விட்டுவிட்டுப் போன விளையாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். இங்கிலீஷ் எனக்கு எங்கே புரியும்? ஆக அழகான படம் இருந்த பக்கத்தை எடுத்துக்கொண்டேன். அது டிராகன்களிலேயே கிழட்டு ராஜா என்று பிறகுதான் தெரிந்தது. இவர்கள் மூவரும் விளையாட்டில் நேற்றுப் பேர் பதிந்த ஆட்கள் மாதிரி, கையில் ஒரு கத்தி, உடம்பில் கொஞ்சம் உயிர்ப்புள்ளி. டிராகன் ஒரு தடவை மூச்சு விட்டது. டம்ளர் நிறையப் பகடை உருட்டினேன். மூவரும் அடுப்புக்கரி. உன் அம்மா எழுந்தாள். பாதி சம்பல் இருந்த பாத்திரத்தை மூடினாள். "சாகுறதுக்காடா நான் குளிச்சிட்டு வந்தேன்?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான், அடுத்த சனிக்கிழமை வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். அக்காவை மறுபடி மேசைக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் டிராகனை வைத்தே கொண்டுவர வேண்டும். பொம்மை மாதிரி டிராகனாகவும் இருக்கக்கூடாது, ஜெயித்தால் ஜெயித்தோம் என்று நெஞ்சு நிமிரவேண்டும். ஆனால் யாரும் சாகக்கூடாது. இது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உனக்குத் தெரியுமா? தொழிற்சாலை வாசலில் லோரிகள் எடை போட வரிசையில் நிற்கும்போதெல்லாம் சீட்டில் பகடை உருட்டி எனக்கு நானே சண்டை போட்டுப் பார்த்தேன். முதல் டிராகன் வாயைத் திறக்கும் முன்னாலேயே செத்துப்போனது, கோழி அடித்த மாதிரி. கொஞ்சம் உயிரைக் கூட்டினேன், அது நல்லுசாமி அண்ணனைத் தின்றுவிட்டது. எடைக் கணக்கு எழுதுகிற கிராணி எட்டிப் பார்த்து, "என்ன செல்லையா, லாட்டரிக்கு நம்பர் எடுக்கிறியா? எனக்கும் ஒண்ணு சொல்லு லா" என்றார். "இல்லைங்க கிராணி, டிராகனுக்கு உயிர் குறைக்கிறேன்" என்றேன். அதற்கப்புறம் அவர் என் லோரியைத்தான் முதலில் எடை போட்டு அனுப்புகிறார்.

கடைசியில் வழி காட்டியது நம்ம மருந்தடிக்கிற மகேன். முதுகில் மருந்து டாங்கியை மாட்டிக்கொண்டு தேயிலைக் காட்டில் நின்றான். அடிக்கும் முன்னால், "தள்ளிக்குங்க!" என்று கத்தினான். அடித்தான். டாங்கி காலி. மறுபடி நிரப்பத் தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தான். லோரியை அப்படியே நிறுத்திவிட்டேன். டிராகன் நெருப்பும் இதுதானே! ஊதும் முன்னால் தொண்டை சிவக்கட்டும், மண்ணெண்ணெய் வாடை வரட்டும், புத்தியுள்ளவன் பாறைக்குப் பின்னால் ஒதுங்குவான். ஊதி முடித்தால் டாங்கி காலி, நிரம்புவதற்குள் மூன்று பேரும் ஓடிவந்து ஆளுக்கொரு வெட்டு. புது ஆளைச் செங்குத்துக் காட்டில் விடமாட்டார்களே, அதே மாதிரி குகையையும் சமதளமாக வைத்தேன். டிராகனை எருமை அளவுக்குக் குறைத்தேன். ஒரு இறக்கையில் அடிபட்டிருக்கிறது, பறக்காது. ஓடுவதற்குப் பின்பக்கம் ஒரு வழி. பத்துத் தடவை உருட்டிப் பார்த்தேன் மாப்பிள்ளை, ஒருத்தரும் சாகவில்லை, ஒருத்தரும் சும்மா ஜெயிக்கவும் இல்லை. தோட்டத்துப் பெரிய துரை வந்து பார்த்தால்கூடக் குறை சொல்ல முடியாது.

பிறகு உன் அம்மாவை அழைக்கப் போனேன்.

"இது சின்ன டிராகன் அக்கா."

"சின்னதுன்னா?"

"எருமை சைஸ்."

"எருமை மிதிச்சா நான் சாக மாட்டேனா?"

"சாக மாட்டே. கணக்குப் பண்ணிட்டேன்."

"நீ கணக்குப் பண்ணித்தான் அந்த லோரியை ரெண்டு தடவை வாய்க்கால்ல இறக்குனே. அதோட நான்தான் ஏற்கெனவே செத்தாச்சே, எப்படி வருவேன்?"

"செத்தவளோட தங்கச்சியா வா."

கொடியிலிருந்து துண்டை உருவினாள். "இன்னொரு தடவை செத்தேன், உன் பகடையெல்லாம் டெலோம் ஆத்துலதான். அப்புறம் என்னைக் கூப்பிடவே கூடாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

சனிக்கிழமை எல்லாரும் தங்கச்சி தம்பியாக வந்து உட்கார்ந்தார்கள். உமாதேவி கொடுத்த ஸ்ட்ராபெரி நுரைப்பெட்டியை வெட்டி, சிவப்புச் சாயம் அடித்து, டிராகனை நானே செய்து மேசை நடுவில் வைத்திருந்தேன். குரலை இறக்கி ஆரம்பித்தேன். மலை உச்சியில் குகை, பனிமூட்டம், மண்ணெண்ணெய் வாடை, இருட்டில் இரண்டு சிவப்புக் கண். பகடையைக் கையில் எடுத்து, "என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

நல்லுசாமி அண்ணன் பொம்மையை உற்றுப் பார்த்துவிட்டு உன் அம்மா பக்கம் திரும்பினார். "மலைமேல தனியா இருக்கு. கண்ணு சிவப்பு. வாயில நெருப்பு. ஏம்மா மணியம்மா, இது நம்ம எல்லைக் காவல் முனியாண்டி மாதிரில்ல இருக்கு?"

"உமா, செருப்பைக் கழட்டு" என்றாள் உன் அம்மா.

விளையாட்டில் கழற்றச் சொன்னாளோ நிஜத்திலோ, உமாதேவி இரண்டையும் கழற்றினாள். எனக்கு வியர்த்துவிட்டது. "அக்கா, இது சாமி இல்லை, டிராகன். சண்டை போடுங்க. தொண்டை சிவக்கும், பாறைக்குப் பின்னால ஒதுங்கணும், பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கேன்!"

"சாமிகிட்ட எவனாவது சண்டை போடுவானாடா? அதான் போன தடவை எரிச்சிருக்கு. கும்பிடாம உள்ள நுழைஞ்சோம்ல."

வாள் கீழே போய்விட்டது. உமாதேவி ஸ்ட்ராபெரியை வாழையிலையில் வைத்தாள். உன் அம்மா சம்பலில் கொஞ்சம் எடுத்து வைத்தாள். நல்லுசாமி அண்ணன், "விளையாட்டுல எங்க மூட்டைச் சாமான்ல சுருட்டு இருக்கா?" என்று கேட்டார், புத்தகத்தில் இல்லை என்றேன், தன் சட்டைப் பையிலிருந்து நிஜச் சுருட்டையே எடுத்துப் பற்றவைத்து டிராகனுக்கு முன்னால் சாஸரில் வைத்தார். நான் பகடையோடு உட்கார்ந்திருக்கிறேன், கல்யாண வீட்டில் கூப்பிடாத மேளக்காரன் மாதிரி.

அப்புறம் உன் அம்மா வாக்குக் கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அந்த நுரைப்பெட்டியைப் பார்த்துக் கேட்டாள். "சாமி, என் மகன் இந்தத் தீபாவளிக்கு வரலை. எப்ப வருவான்?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை மாப்பிள்ளை. சுருட்டுப் புகை மட்டும் போய்க்கொண்டிருந்தது. இதற்கு என்ன பகடை உருட்டுவது என்று உன் புத்தகத்தில் இருக்கிறதா? நான் தேடவில்லை. டிராகன் குரலில், "தைப்பூசத்துக்கு" என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். போகும்போது சம்பல் பாத்திரத்தை விட்டுவிட்டுப் போனாள், காலியாக.

ஆகவே விஷயம் இதுதான். சொன்னது நான் இல்லை, டிராகன். அடுத்த வாரமே மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள், பிரிஞ்சாங் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் தேதி சொல்கிறாள். நீ வராவிட்டால் சாமி பொய்யாகிவிடும், சனிக்கிழமை போய்விடும், உன் அம்மா மறுபடி செய்தி வாசிக்கிற பெண்ணிடம் போய்விடுவாள். இந்த டிராகனை நான் யாரையும் கொல்லாத மாதிரி செய்தேன். நீ கொன்றுவிடாதே. லீவு கிடைக்காது, வேலை ஜாஸ்தி என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம், உன் மேனேஜர் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன். வரவில்லை என்றால் கொழுந்து லோரியை எடுத்துக்கொண்டு உன் ஆபீஸ் வாசலுக்கே வந்து ஹாரன் அடிப்பேன். நான் வருவேன் என்பது உனக்குத் தெரியும்.

டிராகனைப் பற்றிக் கவலைப்படாதே. நல்லுசாமி அண்ணன் வீட்டு அலமாரி மேலே திருநீறு பூசி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு கணக்குப் போட்டு வைத்த உயிரில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. நீ வந்ததும் நேரில் பார்.

நீ நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, மழைக்குச் சட்டை எடுத்து வை. உன் வீட்டில் சுவரைத் தவிர வேறு யாராவது இருந்தால் அவர்களையும் கேட்டதாகச் சொல்.

உன் வரவை வாசலில் நின்று பார்க்கும்,
மாமன் செல்லையா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன்னால் ஒரு விஷயம். இன்று சாயங்காலம் நல்லுசாமி அண்ணன் சுருட்டைச் சாஸரில் வைக்காமல், சாமிக்கு வசதியாக இருக்கட்டும் என்று வாயிலேயே செருகிவிட்டு டீ போடப் போயிருக்கிறார். நுரைப்பெட்டி. திரும்பி வந்தபோது டிராகன் இல்லை. அலமாரி மேலே சிவப்பாகக் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. டிராகனைக் கொன்ற புள்ளிகள் விதிப்படி அண்ணனுக்கே சேரும் என்பதால் அவரை இரண்டாம் படிக்கு உயர்த்திவிட்டேன்.