ஒரு குமிழும் மூன்று சாஃப்ட்வேரும்

நெருப்பு, சக்கரம், அதற்கடுத்து கம்ப்யூட்டர் லேத்: மனித குலம் கண்டவற்றில் மகத்தானவை இந்த மூன்றும்தான் என்பது ஓய்வு பெற்ற கண்காணிப்பாளரின் அசைக்க முடியாத முடிவு. அந்த மூன்றாவது மகத்துவம் அவர் வீட்டுப் பின்னறையில், குளியலறைக் கதவுக்கு ஒரு குமிழ் கடைந்து தர வழியில்லாமல் விழித்துக்கொண்டிருந்தது.

குளியலறைக்குள் சம்பந்தி இருந்தார்.

கண்காணிப்பாளர் தன் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சம்பந்தி மனைவியோடு இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. வந்த கையோடு கண்காணிப்பாளர் அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். லேத்தின் உறையை, சிலை திறக்கும் தோரணையில் விலக்கினார். ஒவ்வொரு திருகாணியாக அறிமுகம் செய்துவைத்தார். சம்பந்தி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். திருகாணிகள் முடிந்து, "இனிமேதான் முக்கியமான விஷயம், சாஃப்ட்வேர்" என்று ஆரம்பித்தபோது, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று எழுந்தார்.

கண்காணிப்பாளர் பொறுத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பேச்சின் சூடு ஆறிவிடுமே என்ற கவலையில் குமிழைப் பிடித்து ஒரு திருகு திருகினார். அது இரண்டாகப் பிளந்து கையோடு வந்துவிட்டது.

"சம்பந்தி, பதறாதீங்க. வெளிக்குமிழ் உடைஞ்சுபோச்சு. உள்ள இருக்கறதைச் சுத்திப் பாருங்க."

உள்ளே குமிழ் சுற்றும் சத்தம் கேட்டது. "சுத்துதுங்க. கதவுதான் திறக்கலை."

"அப்ப மாட்டிக்கிட்டீங்களா?"

"அப்படித்தான் வச்சுக்கணும்."

கண்காணிப்பாளரின் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "ஏங்க, அடுத்த தெருவுல தச்சர் இருக்காரு. ஒரு போன் பண்ணுங்க."

"லேத் வச்சிருக்கிறவன் வீட்டுல குமிழ் மாட்ட தச்சன் வர்றதா? சம்பந்தி வீட்டுல நம்ம மானம் என்ன ஆகறது?"

"அவரை உள்ள போட்டுப் பூட்டி வச்சா மட்டும் மானம் ஏறுதா?"

கூடத்தில் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா நிமிர்ந்தார். "இருக்கட்டும்மா. அவரு சமாளிச்சுக்குவாரு." எழுந்து போய் அன்றைய செய்தித்தாளைக் கதவின் அடியில் தள்ளிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து படித்தார். இப்பேர்ப்பட்ட பொறுமையான குடும்பத்தில் பெண் கொடுத்ததை நினைத்துக் கண்காணிப்பாளருக்குக் கண் கலங்கியது.

சிக்கல் வேறொன்றும் இல்லை. சுழலும் இரும்புக் கம்பியைச் சீவும் டூல் எங்கே தொடங்கி எந்த வளைவில் போய் எங்கே நிற்க வேண்டும் என்று லேத்துக்கு வரிவரியாக எழுதிக் கொடுக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். அது இல்லாத லேத் வெறும் கனமான மேஜை. லேத் வாங்கிய நாளிலிருந்து கண்காணிப்பாளர் சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேதான் இருந்தார். ஒன்றைக்கூட வாங்கியதில்லை. கொள்கை.

"சாஃப்ட்வேருக்கு மாச வாடகை கேக்கறான்" என்று கதவைப் பார்த்துக் கொதித்தார். "மெஷின் என்னுது, இரும்பு என்னுது, கரண்ட் பில் என்னுது. நடுவுல இவன் யாரு வாடகை கேக்க?"

"நியாயம்தாங்க" என்றது கதவு.

இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று வாடகை கேட்ட அந்தப் பெரிய சாஃப்ட்வேரின் இலவச முன்னோட்டத்தை இறக்கினார். நிறுவனத்தின் பெயர் கேட்டது. தன் பெயருக்குப் பின்னால் 'தொழிலகங்கள்' என்று போட்டார். உடனே விற்பனையாளன் போனில் வந்துவிட்டான்.

"சார், உங்க ஃபேக்டரில எத்தனை மெஷின் ஓடுது?"

"இப்போதைக்கு ஒண்ணு. அதுவும் ஓடலை."

"ஆர்டர் நிறைய பெண்டிங்கா சார்?"

கண்காணிப்பாளர் குளியலறைக் கதவைப் பார்த்தார். "ஒரே ஒரு ஆர்டர். கஸ்டமர் காத்துக்கிட்டிருக்காரு."

குமிழின் பாதை திரையில் அழகாகச் சுழன்றது. அதை லேத்துக்கு அனுப்பத்தான் முன்னோட்டத்தில் அனுமதி இல்லை. "சாப்பாட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு மோந்து பாருங்கறான்" என்று கத்திவிட்டு, முழுக்க இலவசமான இன்னொன்றுக்குத் தாவினார். அது பலகை செதுக்கும் மெஷின்களுக்காக எழுதப்பட்டது என்பதைப் படிக்க அவகாசமில்லை. அது குமிழைப் பலகையென்றே நம்பியது. டூல் நேரே போய், சுழலும் கம்பியில் முட்டி, முனை தெறித்து ஜன்னலுக்கு வெளியே பறந்தது.

"என்னங்க சத்தம்?" என்றது கதவு.

"ஒண்ணுமில்ல சம்பந்தி. சும்மா ஒரு பரிசோதனை."

"நிதானமாப் பண்ணுங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

அந்தப் பெருந்தன்மைதான் அவரை உடைத்தது. ஒரே தடவை பணம் கட்டினால் போதும் என்ற சின்ன சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. திரையின் நிறம் கௌரவமாக இல்லை என்று அதுவரை ஒதுக்கி வைத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார். புது டூல் மாட்டினார். குமிழ் வந்தது, பாதிப் பருமனில். சாஃப்ட்வேர் ஆரத்தைச் சொல்ல, லேத் அதை விட்டம் என்று எடுத்துக்கொண்டிருந்தது.

"பாதியைக் குடுத்துட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கிட்டான்" என்று பொங்கியபடி, சாஃப்ட்வேரில் விட்டம் என்று மாற்றினார். சந்தேகத்துக்கு லேத்தையும் ஆரத்துக்கு மாற்றினார். இப்போது அது இரண்டு மடங்குக் குமிழாகக் கணக்குப் போட்டு, கம்பியைத் தொடாமல் விலகி நின்று, மிகுந்த சிரத்தையோடு காற்றைக் கடைந்தது.

காபி டம்ளரோடு எட்டிப் பார்த்த மனைவி சொன்னாள். "ரெண்டு பேருக்கும் தனித்தனியா சொல்லிக் குடுத்தா இப்படித்தான். ஒருத்தரை மட்டும் மாத்துங்க."

லேத்தைப் பழையபடி வைத்தார். குமிழ் வந்தது. வட்டமாக, வழவழப்பாக, சொன்ன பருமனில். கண்காணிப்பாளர் அதை உள்ளங்கையில் ஏந்தி, எல்லோரும் பார்க்கும்படி கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கதவில் பொருத்தினார்.

"சம்பந்தி, உங்க விடுதலை இந்த வீட்டுலயே தயாரானது" என்று திருகினார்.

'க்ளிக்' என்று பூட்டு விலகியது. எல்லோருக்கும் கேட்டது. கதவு திறக்கவில்லை. மறுபடி திருகினார். மறுபடி 'க்ளிக்'. தோளால் தள்ளினார். அசையவில்லை.

"பாத்தியா, பாத்தியா" என்று மனைவியிடம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "இந்த சாஃப்ட்வேர்க்காரனும் ஏமாத்திட்டான். விடமாட்டேன். நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்கறேன்."

சம்பந்தியம்மா பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார்.

"குமிழ் நல்லாத்தான் இருக்குங்க. நீங்க மெஷினுக்கு உறையைப் போட்டுடுங்க, அவரே உள்தாழ்ப்பாளைத் திறந்துட்டு வந்துடுவாரு."