நொட்டாங்கையன் பதில் சொல்லாத குளிர்காலம்

இனிமேல் என்னை யாரும் சூட்கேஸ் மாதிரித் தூக்கிக்கொண்டு போய் எங்கேயும் வைக்கக் கூடாது. தொண்ணூற்றேழாம் வருடம் தீபாவளியன்று, எடிசனில் என் மகன் மதன் வீட்டு பேஸ்மென்ட்டில், தலையில் எண்ணெயோடு உட்கார்ந்து நான் எடுத்த தீர்மானம் இது.

சூட்கேஸுக்காவது சக்கரம் உண்டு. எனக்கு முழங்கால்தான்.

மகன் நியூ ஜெர்சியில். மகள் எழிலரசி கலிபோர்னியாவில், பிளசன்டனில். நடுவில் மொத்த அமெரிக்காவும் கிடக்கிறது. போன குளிர்காலத்தில் இரண்டு பேரும் ஃபோனில் பேசி எங்களைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அம்மா உனக்கு, அப்பா எனக்கு. என் வீட்டுக்காரி தனபாக்கியம் வெயிலுக்குப் போனாள். நான் பனி தள்ள இங்கே நின்றேன். பல்லடத்தில் ஸ்பின்னிங் மில்லில் ஆயிரம் பேரை அதட்டி வேலை வாங்கியவன் நான். நானூறு பேர் என்று தனம் சொல்லுவாள். அவளுக்குக் கணக்கு வராது.

அவள் இல்லாத வீட்டில் நான் இருமினால் "தண்ணி குடிங்" என்று சொல்ல ஆளில்லை. கேட்க ஆளில்லாமல் இருமி என்ன பிரயோஜனம்? அந்த வருடம் இருமலையே விட்டுவிட்டேன்.

குளிர் போனதும் தனம் திரும்பி வந்துவிட்டாள். இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது. போனால் இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரும் சேர்ந்து இருக்க வேண்டும். அதற்கு எனக்கு வழி காட்டியவன் நொட்டாங்கையன்.

நொட்டாங்கையன் எங்கள் பேஸ்பால் டீமில் இடது கையால் பந்து எறிகிறவன். அவனுடைய நிஜப் பெயரைச் சொன்னால் என் பல்செட் கழன்று விழுந்துவிடும், ஆகவே நான் வைத்த பெயர்தான். அவன் எறிகிற பந்து கையை விட்டுக் கிளம்பும்போது வெள்ளை. எதிரே பிடிக்கிறவன் கையுறையில் போய் விழும்போது பழுப்பு. பாதி வழியிலேயே வெந்துவிடும். அந்த வாசனைக்கு எங்கள் தெரு நாய்கள் டிவி முன்னால் வந்து உட்காரும். பொய் சொல்லவில்லை, நாய்களைக் கேளுங்கள்.

அக்டோபரோடு அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தவனுக்கு ஃப்ரீ ஏஜென்ட் என்று பெயர். அவன் எந்த டீம் பந்தியிலும் உட்காரலாம். எந்தப் பந்தியில் பாயசம் கெட்டியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு உட்காரலாம். அதுவரைக்கும் பேப்பர்காரர்கள் கேட்டால் அவனுக்காகப் பேரம் பேசுகிற ஏஜென்ட் ஒரே வார்த்தைதான் சொல்லுவான். "பார்க்கலாம்."

அடடா! என்ன வார்த்தை! ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. கேட்கிறவனைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

தீபாவளி சாயங்காலமே எழில் கூப்பிட்டாள்.

"அப்பா, பிப்ரவரில டெலிவரி. நீங்களும் அம்மாவும் வந்துருங்க. ரூம் ரெடி பண்ணிட்டோம். டிக்கெட் புக் பண்ணட்டுமா?"

பக்கத்தில் தனம் ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தாள். "ஏனுங், சரின்னு சொல்லிப்போடுங்" என்றாள்.

சொல்லியிருக்கலாம். நான் வேண்டியது அப்படியே தட்டில் வைத்து வந்திருந்தது. ஆனால் முதலில் வந்த அழைப்புக்கே தலையாட்டுகிறவனை யார் மதிப்பார்கள்? நொட்டாங்கையன் ஆட்டினானா?

"பார்க்கலாம் கண்ணு" என்றேன்.

"என்னப்பா பார்க்கணும்?"

"அங்க டிவில கேம் தெரியுமா? பில்டர் காபி ரெண்டு வேளையா, மூணு வேளையா? அந்தப் பச்சப் பூவ வேகவெச்சுப் போடுவியே, புரோக்கலி, அது உண்டா, இல்லையா?"

"அப்பா! நான் மாசமா இருக்கேன்."

"யோசிச்சுச் சொல்லு. நானும் யோசிக்கிறேன்."

கேட்க வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கேட்டேன். 'எனக்கு உங்கம்மா கூட இருக்கணும், சாமி' என்று மகளிடம் சொல்ல இந்த வயதில் வெட்கமாக இருக்காதா?

ஃபோனை வைத்ததும் தனத்துக்கு உத்தரவு போட்டேன். "இனி உனக்கும் நான்தான் ஏஜென்ட். யார் என்ன கேட்டாலும் நீ வாயத் தெறக்காதே."

"சரிங்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் முதல் சொல்லிலேயே சரி என்று சொன்னது அன்றைக்குத்தான். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

அடுத்து மகனை மடக்கினேன். இரண்டு பக்கமும் போட்டி இருந்தால்தானே விலை ஏறும்?

"மதன், உங்கக்கா கூப்பிடறா. ஆனா நான் இன்னும் முடிவு பண்ணல. பார்க்கலாம்."

அவன் ஷூ மாட்டிக்கொண்டே, "என்ன பார்க்கலாம்? நான் ஒண்ணுமே கேக்கலையேப்பா" என்றான். மன்ஹாட்டன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஓடினான்.

பிறகு காத்திருக்க ஆரம்பித்தோம். நான் என் பிள்ளைகளுக்காக. ஊர் மொத்தமும் நொட்டாங்கையனுக்காக.

காலையில் எழுந்ததும் மதனுடைய கம்ப்யூட்டரை ஃபோன் லைனில் மாட்டுவேன். அது கீங்கென்று கத்தி, கொர்ரென்று கனைத்து, பக்கம் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் நான் இரண்டு தடவை பல் தேய்த்துவிடுவேன். கடைசியில் வருகிற செய்தி, இன்றைக்கும் செய்தி இல்லை.

நவம்பரில் எங்களுக்கு ஆசை இருந்தது. ரேடியோவுக்கு ஃபோன் போட்டு ரசிகர்கள் கெஞ்சினார்கள். டிசம்பரில் அவன் படகில் உட்கார்ந்து மீன் பிடிக்கிற ஃபோட்டோ வந்தது. கோபம் வந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருவன் ரேடியோவுக்குக் கூப்பிட்டு ஒன்றுமே பேசாமல் நீளமாகப் பெருமூச்சு விட்டான். நிகழ்ச்சி நடத்துகிறவனும் சேர்ந்து விட்டான். எங்கள் சமையலறைக் காலண்டர் பறந்தது.

பெண் பார்க்க வந்து, பஜ்ஜி தின்று, சொஜ்ஜியும் தின்று, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று போன மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருந்தது. லெட்டர் வரவில்லை. பெண்ணுக்கே இனி அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டு சேனாபதி என் கேம் கூட்டாளி. வேலூர்க்காரர். ஒரு நாள் அவர் காரின் பின் கண்ணாடியில் எப்போதும் இருக்கிற டீம் தொப்பியைக் காணவில்லை.

"தொப்பி எங்க சேனாபதி?"

"எடுத்து உள்ள வச்சிட்டேண்ணே."

"அவன் வந்துருவான்."

"வந்தா வரட்டும், வரலன்னா போகட்டும். எனக்கு ரெண்டும் ஒண்ணா ஆயிடிச்சி. அதான் கஷ்டமா இருக்கு" என்றார். சொல்லிவிட்டுக் கார் மேல் இருந்த பனியைச் சுரண்டினார். நானும் ஒரு பக்கம் சுரண்டிக் கொடுத்தேன்.

பிளசன்டனிலிருந்தும் அழைப்பு வரவில்லை. லைனைக் காலையிலும் மாலையிலும் நானே கட்டிப்போட்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மகள் சரியான பேரம் பேசுகிறாள், என் ரத்தம்தானே என்று பெருமையாகக்கூட இருந்தது.

தனம் மட்டும் தினமும் தூக்குப்போசியோடு சேனாபதி வீட்டுக்குப் போய்வந்தாள். அவர் சம்சாரம் சாரதாவுக்கு ரசம் பிடிக்குமாம். ஒரு போசி ரசம் கொடுக்க ஒரு மணி நேரம் ஆகுமா என்று நான் கேட்கவில்லை. பேரத்தில் இருக்கிறவனுக்கு ரசத்தைப் பற்றிக் கவலைப்பட நேரம் ஏது?

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் வீடு முழுக்க சுக்கும் ஓமமும் மணந்தது. தனம் கருப்பட்டி போட்டு உருண்டை உருண்டையாக மருந்து பிடித்து வைத்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்க அவள் இருந்ததால் நான் மறுபடியும் இரும ஆரம்பித்திருந்தேன். வாயில் இரண்டு போட்டேன்.

"ஐயோ! அது புள்ள பெத்தவளுக்குங்!"

விழுங்கிவிட்டேன். "யாருக்கு?"

"எழிலுக்குத்தானுங். பால் ஊறோணும்ல?"

"அங்க யாரு கொண்டு போறா?"

"போறவங்க கொண்டு போவாங்" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினாள்.

அன்று பகல் எனக்கு வயிறு சரியில்லை. கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. லைன் சும்மா கிடந்தது. ஃபோன் அடித்தது. எழில்!

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். ரொம்பவும் இழுக்கக் கூடாது, காபி இரண்டு வேளைக்கே ஒத்துக்கொள்ளலாம் என்று முடிவுசெய்துகொண்டேன்.

"கண்ணு, நான் யோசிச்சுப் பாத்தேன்."

"என்னதுப்பா?"

"வர்றதப் பத்தி. சரி, வர்றேன்."



"அப்பா… அந்த ரூமுக்கு மாமனார் வந்துட்டாரே."

மாப்பிள்ளை தீபக்கின் அப்பா கிட்டுசாமி. எங்கள் சம்பந்தி. மனைவி போனபிறகு தாராபுரத்தில் தனியாக இருந்தவர். கூப்பிட்டார்கள். "எப்ப பிளைட்டு?" என்று மட்டும் கேட்டாராம். ஏஜென்ட் இல்லாத மனுஷன்.

"எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?"

"எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா? எப்பவும் எங்கேஜ்டு. முதல்ல ஆசையா இருந்துச்சுப்பா. அப்பா வந்தா ஹாஸ்பிடல்ல கூட உக்காருவாரேன்னு நெனச்சேன். அப்புறம் கோபமா வந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. எனக்கே சலிச்சுப் போச்சுப்பா. விடுங்க."

சேனாபதி காரில் காணாமல் போன தொப்பி ஏனோ ஞாபகம் வந்தது. அவர் குரலும் இதே மாதிரிதான் இருந்தது. சத்தமில்லாமல், சண்டை இல்லாமல். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி, அப்ப அம்மாவும் இங்கயே…" என்று ஆரம்பித்தேன்.

"அம்மா டிக்கெட் தீபாவளிக்கே புக் பண்ணியாச்சேப்பா. சொல்லலையா?"

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். தனம் வாசற்படியில் காலித் தூக்குப்போசியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாயத் தெறக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"தெறக்கலீங்."

"அப்புறம் எப்படி ஒத்துக்கிட்டே?"

"சாரதா ஊட்டு ஃபோன்ல எழில் கேட்டா. நான் 'உம்'முன்னேன். உம்முக்கு வாயத் தெறக்க வேண்டாமுங்."

மில்லில் ஆயிரம் பேரை அதட்டியவனுக்குப் பதில் வரவில்லை. நானூறு பேராகவே இருக்கட்டும். அப்போதும் வரவில்லை.

"என்னைய விட்டுட்டுப் போறியா?"

"உங்களுக்கும் எடம் புடிச்சுத்தான் வெச்சிருந்தனுங். கார்த்திகை கடைசி வரைக்கும் சம்பந்தியக் கூப்பிட வேண்டாம்னு எழில் கிட்டச் சொல்லியிருந்தேன். காபி போடறப்பெல்லாம் உங்க மொகத்தப் பாத்தேன். 'தனம், நானும் வர்றேன்'னு ஒரு வார்த்த வருமான்னு. நீங்க அவன் மீன் புடிக்கிற போட்டோவையே பாத்துட்டு இருந்தீங்."

கிளம்பும் நாளில் நூவர்க் விமான நிலையத்தில் ஏறுகிற வாசல்வரைக்கும் போனேன். வெளியே பனி. அந்தக் குளிரில் எங்கள் வீட்டு அணில் என் மங்கி குல்லாயைக் கேட்டு வாசலில் வந்து நின்றது என்று சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். இருமலாக வந்தது.

"தண்ணி குடிங்" என்றாள். மருந்து டப்பாவைத் திறந்து ஒரே ஒரு உருண்டையை எடுத்து என் கையில் வைத்தாள். "இருமலுக்கும் கேக்குமுங்." போய்விட்டாள்.

அந்த வாரமே நொட்டாங்கையன் கையெழுத்துப் போட்டான். எங்கள் டீமில் இல்லை. எங்கே போனான் என்று நினைக்கிறீர்கள்? சான் பிரான்சிஸ்கோவுக்கு. பிளசன்டனிலிருந்து கார் எடுத்தால் ஒரு மணி நேரம். சேனாபதியிடம் சொன்னேன். "அப்படியா?" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரலில் பேத்திக்கு இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை தனம் கூப்பிட்டாள். பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது.

"ஏனுங், உங்க நொட்டாங்கையனப் பாத்தனுங்! நேத்து அல்லாருமா கிரவுண்டுக்கே போனோம். சம்பந்திக்கு இப்ப இதே கிறுக்கு. பந்து வெந்து போயித்தானுங் விழுது, நீங்க சொன்ன மாதிரியே. நான் பொய்யின்னு நெனச்சிருந்தேன்."

"நீ கை தட்டினியா?"

"உங்களுக்கும் சேத்துத் தட்டினனுங்."

பேஸ்மென்ட் ஜன்னலில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. இருமல் வந்தது. அடக்கினேன். ஒரு குளிர்காலம் முழுக்க சொல்லாமல் வைத்திருந்ததை எடுத்தேன். ஏஜென்ட் வேண்டாம், காபி வேண்டாம், புரோக்கலிகூடச் சம்மதம்.

"தனம், எனக்கு நீ இல்லாம முடியல. நான் அங்க வரட்டுமா? ஹால்ல பாய் போட்டாக்கூடப் போதும்."

டிவியில் யாரோ அடித்துவிட்டார்கள் போல, கிட்டுசாமி கத்தினார். குழந்தை அழுதது.

"பார்க்கலாமுங்" என்று சொல்லிவிட்டு தனம் ஃபோனை வைத்தாள்.