பதினொரு வினாடியில் பூட்டைத் திறந்தவன் நான்தான்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நீங்கள் நடத்துகிற நம் வட்டாரப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு வீடியோ போட்டு, "பட்டப்பகலில் பூட்டு உடைப்பு. இவரைத் தெரிகிறதா?" என்று மேலே எழுதியிருந்தீர்கள். அதில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவன் நான். திருடன் என்று பட்டம் வாங்கியவர் என் சகலை, உங்கள் மாமியாரின் தங்கை வீட்டுக்காரர். வேலை செய்தது நான், பெயர் அவருக்கு. எனக்கு நடந்த அநியாயம் இதுதான்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னிக்கவும். இங்கே உங்கள் மாமியாருக்கு முழங்கால் தேவலை. எனக்கு நெஞ்சு எரிகிறது, அதற்கு மருந்து உங்களிடம்தான் இருக்கிறது. நாலு தெரு தள்ளி இருக்கிற மருமகனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைக்கலாம். போனில் பேசினால் "சரி மாமா, பாக்கறேன் மாமா" என்று மூன்றாவது வாக்கியத்தில் வைத்துவிடுவீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

நடந்தது இவ்வளவுதான். செவ்வாய் மதியம் பன்னிரண்டே காலுக்கு அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிற ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா, படியில் போன கூரியர் பையனின் போனை வாங்கி என்னைக் கூப்பிட்டார். குப்பை வைக்க வெளியே வந்திருக்கிறார், காற்றில் கதவு சாத்திக்கொண்டுவிட்டது, தானாகப் பூட்டிக்கொள்கிற ரகம், உள்ளே அடுப்பு எரிகிறது. என் சகலைக்குத்தான் முதலில் போன் செய்தாராம், அவர் எடுக்கவில்லையாம், இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், ஆனால் அந்த அம்மாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. நான் ஓடினேன். அந்த அம்மா மூச்சு வாங்க மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், அதனால் எதிர்வீட்டுக் கேமராவில் விழவில்லை. நான் விழுந்தேன். கம்பியை விட்டேன், திறந்தேன், அடுப்பை அணைத்தேன், அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே அவர் தங்கை ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனைத் திறக்கிற பெண்மணி. பன்னிரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். இதில் "உடைப்பு" எங்கே வந்தது மாப்பிள்ளை? முப்பத்தேழு வருஷத்தில் நான் ஒரு பூட்டை உடைத்ததில்லை. உடைக்கிறவனுக்குச் சுத்தியல் போதும், நான் எதற்கு?

முதுகைப் பார்த்து எப்படிச் சகலை என்று முடிவு கட்டினார்கள் என்றால், சட்டை. என் மாமியார் இருக்கிறாரே, இரண்டு மருமகன்களுக்கும் நடுவில் பொறாமை வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் ஒரே துணியில் வெட்டி ஒரே மாதிரி சட்டை தைத்துத் தருவார். போன வருஷம் நீலக் கட்டம். சகலை அதைத் தினமும் கடைக்குப் போட்டுக்கொண்டு வருவார். நான் அவரோடு ஜோடியாக அலைய மாட்டேன் என்று பெட்டியிலேயே வைத்திருந்தேன். செவ்வாய் அன்று மற்ற சட்டையெல்லாம் கொடியில் ஈரம், யாருக்குத் தெரியப்போகிறது என்று போட்டுக்கொண்டேன், வந்ததும் மடித்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். உலகத்துக்கே தெரிந்துவிட்டது, ஆனால் நான் என்று தெரியவில்லை.

உங்கள் வீடியோவுக்குக் கீழே முதல் வரி எழுதியவன் ஒருவன் இருக்கிறான். முகம் கிடையாது, பெயர் கிடையாது, மஞ்சள் பூப் படம் ஒன்று. "இந்த நீலக் கட்டச் சட்டையை டிப்ளமா கடையில் பார்த்திருக்கிறேன்" என்று எழுதினான். டிப்ளமா என்பது என் சகலையின் பட்டப்பெயர், பூட்டு வேலைக்கு ஒன்றரை வருஷம் படித்துச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறாரே, அதனால். நான் யாரிடமும் படித்ததில்லை, கெட்டுப்போன பூட்டுகளிடம் படித்தேன், அவை சான்றிதழ் தருவதில்லை. அந்தப் பூப் படக்காரன் ஒரு வரி போட்டதுதான் தாமதம், அடுத்த ஒரு மணி நேரத்தில் இருநூறு பேர் வந்துவிட்டார்கள். நர்ஸ் அம்மா வீட்டில் என்ன காணாமல் போனது என்று ஒருத்தர் கேட்கவில்லை. கோர்ட்டில் கூண்டில் நிற்பவனைக்கூட "நீ செய்தாயா" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். யாராவது ஒருவர் என் கடைப்படி ஏறி "ஐயா, அது நீங்களா" என்று கேட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை காலை என் கடைக்கு எதிர்வரிசையில் சகலையின் கடை பாதி ஷட்டர்தான் திறந்திருந்தது. அவரிடம் மாற்றுச் சாவி கொடுத்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் குனிந்து குனிந்து எடுத்துக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் "ஒரு தடவை போட்டுப் பாத்துக்குங்க" என்று சொன்னார். மத்தியானம் முழு ஷட்டரும் இறங்கிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. பதினெட்டு வருஷமாக அந்தக் கடையில் கூடுகிற கூட்டத்தை என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் நான்.

வியாழக்கிழமைதான் பொறுக்க முடியாமல் போயிற்று. பேச்சு திசை மாறிவிட்டது மாப்பிள்ளை. ஒருவர் எழுதுகிறார்: "திருட்டு தப்புதான், ஆனா அந்த வேகத்தைப் பாருங்க, பதினோரு செகண்ட்." இன்னொருவர்: "படிச்ச கைன்னா படிச்ச கைதான்." மூன்றாவது ஆள் வீடியோவை மெதுவாக ஓட்டி என் மணிக்கட்டுக்கு வட்டம் போட்டு, "இதெல்லாம் பயிற்சியில் வருவது" என்கிறார். என் மணிக்கட்டு. பயிற்சியாம். ஒரே ஒரு புண்ணியவான் மட்டும், "எதிர்க்கடைப் பெரியவராக இருக்குமோ?" என்று கேட்டார். அதற்குப் பதில்: "அவர் திறக்கிறதுக்குள்ள வீட்டுக்காரம்மா ஊருக்குப் போய்த் திரும்பி வந்துடுவாங்க." அதற்கு இருநூற்றுப் பதினாலு சிரிப்பு முகங்கள். விரலை வைத்து யார் யார் என்று கீழே தள்ளிப் பார்த்தேன். நூற்று மூன்றாவது சிரிப்பு உங்களுடையது. விசாரணையே இல்லாமல் ஊர் சேர்ந்து என்னை நிரபராதி ஆக்கிவிட்டது, எனக்குத் திறமை இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக.

உங்கள் மாமியாரிடம் சொன்னேன். "அது நான்தான்" என்றேன்.

"எது?"

"வீடியோவுல."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்ம வீட்டு அலமாரியைத் திறக்க உங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. நானே கத்தரிக்கோலால நெம்பினேன். உங்க சட்டை பெட்டியில மடிச்சு வச்சபடிதானே இருக்கு? என் தங்கச்சி அங்க ரெண்டு நாளா அழுதுட்டு இருக்கா, உங்களுக்கு இதுலயும் அவரோட போட்டி" என்றாள்.

வெள்ளிக்கிழமை முடிதிருத்தும் கடைக்குப் போனேன். அங்கே சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. கடைக்காரர் ஒருவருக்குக் கிருதா எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் நின்று, "எல்லாரும் கேளுங்க, அந்தப் பூட்டைத் திறந்தது நான்" என்றேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சகலைக்காக யாருங்க இப்படிப் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்குவாங்க? பெரிய மனசுய்யா உங்களுக்கு." நாற்காலியில் இருந்தவர் பாதிக் கிருதாவோடு எழுந்து கும்பிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இந்த மேஜை டிராயரைப் பூட்டுங்க, திறந்து காட்டறேன், நேரம் பாருங்க" என்றேன். பூட்டினார்கள். மூக்குக் கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருபத்தாறு நிமிஷம். கடைசியில் கடைக்காரரே, "விடுங்க பெரியவரே, சாவி இங்கதான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். இதையும் யாரோ படம் பிடித்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "சகலைக்காகப் பொய் சொல்லும் தியாகி" என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு வந்த பாராட்டிலும் பாதி அவருக்குத்தான் போகிறது.

நாளை ஞாயிறு காலை பத்து மணிக்கு அடுக்குமாடிச் சங்கக் கூட்டம். நாலு கட்டடத்துப் பூட்டு வேலையும் இத்தனை வருஷம் சகலை பார்த்தது. நாளை அவரை நீக்கித் தீர்மானம் போடப் போகிறார்கள். அது போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவர் மனைவி உங்கள் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். திருடன் என்று ஒருமுறை தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது. அந்தப் பதினொரு வினாடியும் அவர் பெயரில் ஏறிவிடும். ஆகையால் கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் அந்த வீடியோவை என் பெயர் போட்டு மறுபடி வெளியிட வேண்டும். உடைப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டுத் திறப்பு என்று போட வேண்டும். சங்கச் செயலாளர் என்னிடம் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பூப் படக்காரன் யாரென்று தேடிப் பிடித்து ஊர் முன்னால் நிறுத்த வேண்டும், அவன்தான் எல்லாவற்றுக்கும் வேர்.

நீங்களும் மகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கதவு ஒருநாளும் தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்கட்டும். சாத்திக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சகலை வந்தார். நீலக் கட்டச் சட்டைதான். நாலு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. உங்கள் மாமியார் உள்ளே போய்விட்டாள். நானே ஆரம்பித்தேன்: "அந்த வீடியோவுல இருக்கறது..."

"தெரியும் அண்ணே. முதல் தடவை பாத்தப்பவே தெரியும். கம்பியை விடறதுக்கு முன்னாடி சட்டையில துடைச்சு ரெண்டு தடவை ஊதுவீங்களே. உலகத்துல வேற யாரு ஊதறாங்க?"

"தெரிஞ்சுமா நாலு நாளா வாயைத் திறக்கல?"

"என்னைக் கேட்டாங்க, நான் இல்லைன்னேன். நீங்க அங்க எதுக்குப் போனீங்கன்னு எனக்குத் தெரியாதே அண்ணே. தெரியாம உங்க பேரை எப்படிச் சொல்றது?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது பதினொண்ணு இல்ல அண்ணே, ஒம்போது. ரெண்டு செகண்ட் ஊதினதுல போச்சு" என்றார்.

நர்ஸ் அம்மா, அடுப்பு எல்லாம் சொன்னேன். "அதான, வேற என்ன இருக்கப்போகுது" என்றார். அந்தப் பூப் படக்காரன் யாரென்று தெரியுமா என்று கேட்டேன். "யாரா இருந்தா என்ன, என்ன பயத்துல எழுதினாரோ" என்றார். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் பெரிய மனசிலும் அவர்தான் முதல்.

அந்தப் பூ உங்கள் பால்கனித் தொட்டியில் பூத்தது மாப்பிள்ளை. நானே போனைத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டு எடுத்த படம். உற்றுப் பார்த்தால் பின்னால் உங்கள் வீட்டுக் கைப்பிடிக் கம்பி தெரியும். உங்கள் வீடியோ வந்த நிமிஷம் என் முதுகை நானே பார்த்தேன். இவரைத் தெரிகிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு தப்பும் செய்யாதவனுக்குப் பயம் எதற்கு என்று கேட்காதீர்கள், பயந்துவிட்டேன், அந்த ஒரு வரியை எழுதிவிட்டேன். பயம் பாதி. மீதிப் பாதி என்னவென்று உங்கள் மாமியாரைக் கேட்டால் சொல்வாள்.

ஆகவே மேலே கேட்டதையெல்லாம் விட்டுவிடவும். நீங்கள் இன்றைக்கே வீடியோவை எடுத்துவிட்டு, விசாரிக்காமல் போட்டது உங்கள் தவறு என்று உங்கள் பெயரிலேயே எழுத வேண்டும். மகள் நாளை ஒன்பது மணிக்கு நர்ஸ் அம்மாவுக்குப் போன் போட்டு, கூட்டத்தில் அவர் குரல் கேட்கும்படி செய்ய வேண்டும். உங்கள் மாமியார் எனக்கு அந்த நீலக் கட்டச் சட்டையைத் துவைத்துக் காயவைத்துத் தர வேண்டும். பூப் படக்காரன் அதைப் போட்டுக்கொண்டு பத்து மணிக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று, எழுதியது யார், திறந்தது யார் என்று இரண்டையும் சொல்ல வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சாவியைத் திரும்ப வாங்கியவர்கள் அவரவர் கையாலேயே திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சகலை செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. ஒன்பது என்பதை மட்டும் எல்லார் முன்னாலும் ஒரு தடவை சொல்ல வேண்டும்.