ஆங்கில விழாவும் கட்டிலடிக் குழாய்களும்

மைக் செட்காரருக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தம் ஆறே சொல். ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.’ அதிலும் பாதி எண்கள்.

ஆனால் வீட்டுக்குள் அவர் பெரிய துரை. கல்யாணமான புதிதில், “இங்கிலீஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு” என்று மனைவியிடம் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். விட்ட வார்த்தையைத் திரும்பப் பிடிக்க முடியுமா? அன்றிலிருந்து அதைக் கட்டிக் காப்பதே அவருக்கு இரண்டாவது தொழிலாகிவிட்டது. மருந்து பாட்டிலை நீட்டி, “இதுல என்னங்க போட்டிருக்கு?” என்று அவள் கேட்டால், “மருந்தைக் குடிக்கணும்டி, படிக்கக் கூடாது” என்பார்.

முதல் தொழிலோ வீட்டை அடைத்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் குழாய் ஒலிபெருக்கிகள். சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயர். நடக்கிற வழியெல்லாம் வயர்ச் சுருள். பின்னால் ஒரு கொட்டகை போட்டு இதையெல்லாம் அங்கே தள்ளச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. இவர் அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“ஏங்க, விஷயம் தெரியுமா? நம்ம சர்ச் ஹால்ல ஆங்கில விழாவாம். கவிதை, நாடகம், பேச்சு, எல்லாமே இங்கிலீஷ்லதானாம்.”

“பேஷா நடக்கட்டும். மைக் நம்மோடதுதானே?”

“மைக் மட்டுமா? அது முன்னால நிக்கப் போறதும் நீங்கதான். கவிதையைப் பத்திப் பத்து நிமிஷம் பேசணும்.”

குடித்த காபி மூக்கில் ஏறியது.

“எ... எவன் சொன்னான்?”

“எவன் சொல்லணும்? தண்ணி பட்ட பாடுன்னா, அது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?”

மறுநாளே அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

“பேச்சே வரலைடி!”

“வரலைங்கறது ரெண்டு தெருவுக்குக் கேக்குதே! இருங்க, வெந்நீர்ல உப்புப் போட்டுத் தரேன். விழாவுக்குள்ள கணீர்னு ஆயிடும்.”

அன்று முழுவதும் கொப்பளித்தார். கட்டாத தொண்டைதான் புண்ணானது.

ஊர் சிரித்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். இவள் சிரித்தால்? ஒரே கூரைக்கடியில் ஆயுசுக்கும் அல்லவா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்! கடைசியில் கௌரவத்தைச் சுருட்டி வைத்துவிட்டு அவள் காலடிக்கே வந்தார்.

“எனக்குத் தலைக்கு மேல வேலைன்னு ஃபாதர்கிட்ட சொல்லிடேன்.”

“என்ன வேலை?”

“ஏதாவது அளந்து விடு.”

“சாமியாரு கிட்டப் போய்ப் பொய்யா? என் நாக்கு அழுகிடும். நீங்க நிஜமாவே ஒரு வேலையில இறங்கினா, நானும் நிஜத்தையே சொல்லிட்டுப் போறேன்.” அவள் பார்வை மெல்லக் கொல்லைப்பக்கம் போனது.

இறங்கினார். குழி தோண்டினார், கம்பம் நட்டார், தகரம் ஏற்றினார். ஆணியில் பாதி அடியும் கட்டைவிரலில் மீதி அடியும் விழுந்தன. குழாய்களை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுபோனார்.

“ஃபாதர் என் பேரை எடுத்துட்டாரா?”

“உங்களைக் கூப்பிடவே மாட்டாங்க. நிம்மதியா இருங்க.”

விழாவன்று ஆம்ப்ளிஃபயர் மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூட வாத்தியார் கடலைப் பற்றிக் கவிதை வாசித்தார். தபால்காரர் அட்டைக் கிரீடத்தோடு ராஜாவாகச் செத்தார். கைதட்டல் பலமாக இருக்கவே, எழுந்து வந்து மறுபடி செத்தார். மைக் செட்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ராஜா செத்த இடத்தில் மட்டும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டார். ஒலிபெருக்கி இரைச்சலில் அது அமுங்கிப்போனது.

எல்லாம் முடிந்ததும் பெரிய மனுஷத்தனமாக ஃபாதரிடம் போனார். “மன்னிக்கணும் ஃபாதர். இந்த வருஷம் என்னால பேச முடியாமப் போச்சு. கொட்டகை வேலை.”

“பேசறதா? யாரு, நீங்களா?” ஃபாதர் விழித்தார். “விழான்னு அறிவிச்ச அன்னைக்கே உங்க வீட்டம்மா வந்து சொல்லிட்டாங்களே! ‘அவருக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, ரொம்பக் கூச்சப்படுவார். மறந்துகூட மேடைக்குக் கூப்பிட்டுடாதீங்க’ன்னு.”

முதலில் அவருக்குக் காது அடைத்தது. பிறகு மெதுவாக நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ பாரத்தை இறக்கிக் கீழே வைத்தது போலிருந்தது. இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியும்! தெரிந்தும் ஒரு நாள்கூடச் சிரித்ததில்லை. வெளியிலும் விட்டுக்கொடுக்காமல் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அப்பாடா! இனி மருந்து பாட்டிலைக் கண்டு ஓட வேண்டாம்.

பாதி வழியில்தான் வீங்கிய கட்டைவிரல் ஞாபகம் வந்தது. ‘என்னை ஏன் ஏமாத்தினே?’ என்று போய்க் கேட்கலாம்தான். கேட்டால், யார் முதலில் ஏமாற்றியது என்று ஆரம்பிக்கும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

எதுவும் இடிக்காத அறையில் அவள் ஹாயாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, அடுத்த மாசம் பிரெஞ்சு விழாவாம். உங்க பேரைக் கொடுக்கட்டுமா? சமையலறை வேற வெள்ளையடிக்காமலே கிடக்கு.”

“பிரஷ் எங்கடி இருக்கு?” என்றார் மைக் செட்காரர்.