மூன்று மேகம், மூன்றாம் பாகம்

வானிலையைக் கணிப்பது சுலபம். வானம் யாரிடமும் எதையும் ஒளிப்பதில்லை. ஒரு வீடியோ கேம் கம்பெனி தன் விழாவில் என்ன அறிவிக்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் மகத்தான காரியம். மனித குலத்துக்காக அந்தச் சுமையைத் தனியாளாகச் சுமந்தவர் 'தீர்க்கதரிசி'. அவருடைய சேனலைப் பார்க்கும் நாற்பதாயிரம் பேர் சூட்டிய பட்டம் அது.

தங்கை அதே கம்பெனியில்தான் படம் வரைகிறாள். ஆனாலும் அவளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது 'கணிப்பியல் ஒழுக்கத்துக்கு' இழுக்கு.

அடுத்த விழாவின் அழைப்பிதழ் வெளியானது. அதைத் திரையில் பெரிதாக்கி இரண்டு நாள் ஆராய்ந்தார். ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்ததும் முடிவைச் சொன்னார்.

"மூணு மேகம் இருக்கு பாரு. அப்ப டிராகன் கேம் மூணாம் பாகம் வருது. கடைசி மேகம் குண்டா இருக்கா? வருஷக் கடைசிக்குள்ள வருது."

"அண்ணா, அந்த மேகத்த வரைஞ்சதே நான்தான். எடம் காலியா இருந்துச்சு, வச்சேன்."

"வரைஞ்சவங்களுக்கு அர்த்தம் தெரியணும்னு அவசியமில்லம்மா" என்றார் பெருந்தன்மையோடு.

"இத வீடியோவா போட்டுத் தொலைக்காத. எங்க பெரியவங்க உன் வீடியோவ மீட்டிங்ல போட்டுப் பாக்குறாங்க. பத்து மாசமா எனக்கு லீவு இல்ல. விழா முடிஞ்சாதான் ஒரு மாசம் தருவாங்க. என் பொண்ணு என்னையே ஆன்ட்டின்னு கூப்பிடுறா."

மீட்டிங்கில் போட்டுப் பார்க்கிறார்கள்! அதற்குமேல் அவர் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் செருப்பை மாட்டுவதற்குள் வீடியோ ஏறிவிட்டது.

விழா மேடையில் கம்பெனித் தலைவர் முழங்கினார்: "டிராகன் மூன்றாம் பாகம்! வருடக் கடைசிக்குள்!" தீர்க்கதரிசிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் தங்கை குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மூணாம் பாகம்னு ஒண்ணு எங்ககிட்ட இல்லவே இல்லண்ணா. உன் வீடியோவப் பாத்துட்டு, 'ரசிகர் எதிர்பார்ப்பு'ன்னு கை தூக்கி முடிவு பண்ணிட்டாங்க. இனிமேதான் செய்யணும். எல்லாருக்கும் லீவு ரத்து."

"பாத்தியா, பலிச்சிருச்சு!"

"சரி, பலிக்கட்டும். அடுத்த வீடியோவுல, படம் வரையறவங்களுக்கு ஒரு மாசம் லீவு விடப்போறாங்கன்னு சொல்லு. நீ சொன்னா செஞ்சிருவாங்க."

அவருக்கும் மனம் இளகியது. அழைப்பிதழைத் திறந்து மூலைமுடுக்கெல்லாம் தேடினார். அதற்குள் குழந்தை தங்கையின் கன்னத்தைத் தட்டி, "ஆன்ட்டி, வீட்டுக்குப் போலாம்" என்றது.

தீர்க்கதரிசி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே உதட்டைப் பிதுக்கினார்.

"இல்லம்மா. ஆதாரம் இல்லாம நான் எதையும் சொல்றதில்ல."