அம்மாவின் படங்கு வாளியான கதை

நல்லது செய்யப் புறப்பட்டவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் பயம்தான். ஒரு காலத்தில் நானும் அப்படிப் புறப்பட்டவள்தான். அன்று திருடன் புகுந்திருந்தால்கூட எங்கள் லயத்துக்கு அவ்வளவு நட்டம் வந்திருக்காது.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தார். எட்டு வருடம் ஹட்டனில் விடுதியில் தங்கிப் படித்து, ஒரு சின்ன நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்து, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சொந்த லயத்துக்கே திரும்பி வந்தேன். லயத்தைக் குப்பையில்லாத லயமாக மாற்றுவதுதான் வேலை. (தூங்கும்போது மட்டும்தான் அந்த அட்டையைக் கழற்றுவேன். அம்மா அதையும் பொறுத்துக்கொண்டார்.)

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. சமையல் கழிவையெல்லாம் குழியில் போட்டு உரமாக்கினோம். லயத்துக்குப் பின்னால் இருந்த லீக்ஸ் பாத்திகள் அந்த உரத்தில் தளதளவென்று வந்தன. பொலித்தீன்தான் மசியவில்லை. அள்ள அள்ள, லயத்தைச் சுற்றி ஓடும் சாக்கடைக் கான் மறுபடி நிறைந்தது. அந்த நேரம் பார்த்து, திட்டத்தைப் பார்வையிடக் கொழும்பிலிருந்து இரண்டு பேர் திங்கட்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அவர்களுக்குப் பிடித்துப்போனால் இன்னும் மூன்று லயங்களுக்குத் திட்டம் போகும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லோரும் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்கள். தடுக்க ஆளில்லை. கானைச் சுத்தம் செய்தேன். பிறகு லயத்தின் பின்பக்கம் போனேன். அங்கே கம்பிக் கொடிகளில் வரிசையாகப் பொலித்தீன் விரிப்புகள் தொங்கின. எல்லாமே கிழிந்து, ஒட்டுப்போட்டு, சேறும் கறையுமாக இருந்தன. இவ்வளவு குப்பையையும் கொடியில் காயப்போட்டுப் பாதுகாக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தனையையும் இழுத்துச் சாக்குகளில் திணித்தேன்.

பழைய சாமான் வாங்கும் காசிம் நானாவின் லொறி வந்தது. அவர் ஒரு விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுவும் குப்பதானா?"

"எல்லாம் குப்பதான் நானா. ஏத்துங்க."

லொறி போனதும் லயத்து வாசலில் 'பொலித்தீன் இல்லாத லயம்' என்று பெரிய பதாகையைக் கட்டினேன். (பதாகையே பிளாஸ்டிக் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

நாலு மணி பஸ்ஸில் அம்மா வந்தார். பின்பக்கம் போனவர் அப்படியே திரும்பி வந்தார்.

"கொடியில கெடந்த படங்கு எங்கடி?"

"எந்தப் படங்கு?"

"நான் இடுப்புல கட்டுற படங்கு. எல்லார் படங்கும் அங்கதான கெடந்துச்சு?"

ஈரச் செடிகளுக்குள் இடுப்பளவு இறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்கள், உடம்பு நனையாமல் இருக்கக் கட்டுவது படங்கு. அதை நான் அறியாதவளா? என் பள்ளிக்கூடக் காலம் முழுக்க அம்மா அதைக் கட்டித்தான் மலைக்குப் போனார். கொடியில் தொங்கியபோது அது எனக்குக் குப்பையாகத் தெரிந்திருக்கிறது. எட்டு வருட விடுதிச் சாப்பாடு கண்ணை இவ்வளவு கெடுக்குமென்று யார் கண்டார்கள்!

காசிம் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சாமான் அரைக்கிறத்துக்குப் பெய்த்து தங்கச்சி. இனி அது வாளியாத்தான் வரும்" என்றார்.

திங்கட்கிழமை விடியும்போதே மழை. வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் இருபத்திரண்டு பெண்கள் படங்கில்லாமல் நின்றார்கள். மழை என்று வீட்டிலிருந்தால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடைக்காது. ஒருத்தி மேசை விரிப்பைக் கட்டியிருந்தாள், இன்னொருத்தி மகளின் மழைக்கோட்டைச் சுற்றியிருந்தாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாரியாயி அக்கா, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு லயத்து வாசலுக்குப் போனார்.

"ஒன் போர்டாவது ஒதவட்டும் புள்ள" என்று பதாகையை நாலாக அறுத்தார்.

முதல் துண்டை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"எம் மக செஞ்ச வேலைக்கு நான் நனையிறேன். நீங்க கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு சணல் சாக்கைச் சுற்றிக்கொண்டு மலையேறினார். ஐந்து நிமிடத்தில் சாக்கு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது. நான் கீழே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். கழுத்தில் அட்டை இருந்தது.

பத்து மணிக்குக் கொழும்புக்காரர்கள் வந்தார்கள். மலையைப் பார்த்தால், ஒரு பெண்ணின் இடுப்பில் 'பொலித்தீன்', சற்றுத் தள்ளி இன்னொருத்தியின் இடுப்பில் 'லயம்'. நான் செத்தேன் என்று நினைத்தேன். வந்த இருவரில் ஒருவரான அம்மணியோ கை தட்டினார்.

"பதாகையைக்கூட வீசாமல் மறுபடி பயன்படுத்துகிறீர்களே!" என்று படம் எடுத்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் படம் ஆண்டறிக்கையின் அட்டைக்குப் போனது. திட்டம் மூன்று லயங்களுக்குப் பரவியது. என்னை மேடையேற்றி ஒரு பூச்செண்டும் கொடுத்தார்கள். அட்டைப் படத்தின் ஓரத்தில் சாக்கோடு குனிந்து நிற்கும் பெண் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மாலையே அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல். மூன்றாம் நாள் சளி நெஞ்சில் இறங்கி, இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கேள்விப்பட்ட காசிம் நானா தடித்த பொலித்தீன் சுருள் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து, எல்லோருக்கும் புதுப் படங்கு வெட்டிக் கொடுத்தார். அம்மாவும் எழுந்து மறுபடி மலைக்குப் போனார். நெஞ்சு மட்டும் பழைய நிலைக்கு வரவேயில்லை.

இப்போதும் நான் லீவில் வீட்டுக்குப் போனால், லயத்து முனையிலேயே மாரியாயி அக்கா கத்துவார்: "கொடியில கெடக்குறத உள்ள எடுங்கடி, குப்பக்காரம்மா வந்துருச்சு!"

லயமே சிரிக்கும். எல்லோரையும்விட அம்மாதான் அதிகம் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். அதோடு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். இருமல் அடங்கியதும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? சிரிங்க" என்பார்.

முதலில் நான் சிரிக்க வேண்டும். நான் சிரிக்கும்வரை அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.