சாவியால் கீறிப் பார்ப்பவர்கள்

"இது என்ன, நான்ஸ்டிக்கா?" என்று கேட்டார் சித்தப்பா.

"ஆமா சித்தப்பா. புதுசு."

"பூச்சு உரியுமே!"

"உரியாது. மரக்கரண்டிதான் போடறேன். தீயையும் குறைச்சுதான் வைக்கிறேன்."

"உரியாதா?" சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். வாணலியின் நடுவே ஒரே இழுப்பு. "பாரு, உரியுது! தூக்கிப் போடு இதை!"

தனியாகக் குடிவந்த எனக்கு, போட்ட முட்டையை முழுசாகத் திருப்பித் தந்த ஒரே பாத்திரம் அதுதான்.

வாசகரே, பாத்திரப் பாதுகாவலர் என்ற இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். இவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களை நலம் விசாரிக்க மாட்டார், செருப்பைக் கழற்றிய கையோடு நேரே அடுப்படிக்குப் போய், மூடியைத் தூக்கி, அடியைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும் டாக்டர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, "இதுலயா சாப்பிடறீங்க?" என்பார். வாயருகே கொண்டுபோன கவளத்தை நீங்கள் தட்டிலேயே வைத்துவிடுவீர்கள்.

எவர்சில்வர் என்று சொல்லும்போது மட்டும் இவர் குரல் குழையும். "ஆயுசுக்கும் பயமில்லை. தேய்க்கலாம், சுரண்டலாம், எறியலாம்." எதற்காக எறிய வேண்டும்? கேட்கக் கூடாது. கேட்டால், "நான் சொல்றதைச் சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்" என்பார். அந்த இஷ்டம் மட்டும் கடைசிவரை நம் கைக்கு வராது.

சரி, இவர் சமைப்பாரா? எங்கள் சித்தப்பா, தண்ணீர் கொதித்துவிட்டதா என்பதையே சித்தியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுத்தவர் வீட்டு வாணலியைக் கடைசியாக எப்போது உற்றுப் பார்த்தீர்கள்? பார்த்ததோடு விட்டீர்களா, நகத்தால் லேசாகச் சுரண்டியும் பார்த்தீர்களா? சாவிக்கும் நகத்துக்கும் அதிக தூரமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் சித்தப்பா. சட்டையெல்லாம் கரி; கையில் ஒரு முட்டை.

"என்ன ஆச்சு சித்தப்பா?"

"வீட்டுல எல்லாத்தையும் எவர்சில்வரா மாத்திட்டேன். உங்க சித்தி, 'வாங்கினவரே சமைங்க'ன்னு சொல்லிட்டா."

"முதல்ல வாணலியைக் காய வச்சு, அப்புறம் எண்ணெய் விட்டு..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்!"

"இப்ப அந்த வாணலி எங்க?"

"காலைலயும் தேய்ச்சுப் பார்த்தேன், ஒட்டின முட்டை போகலை. ஊறப் போட்டிருக்கேன்." முட்டையைக் கை மாற்றினார். "முந்தாநாள்லேர்ந்து."

அவர் என் தோளுக்கு மேலாக அடுப்படியை எட்டிப் பார்த்தார். தூக்கிப் போட மனசு வராமல் நான் மாட்டி வைத்திருந்த, அவர் கீறிய அந்த வாணலி அங்கேதான் தொங்கியது. அவர் குரல் இறங்கியது.

"கீறல் படாத பக்கமாப் பார்த்து, இந்த ஒரு முட்டையை மட்டும் போட்டுக் குடேன்மா."